தரம் மாறும் ஆசிரியருக்கு இன்னொரு சான்றிதழ் வேண்டுமா? படுவான்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தரம் 1 முதல் 11 வரை நடக்கும் வகை 2 பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரத்துக்கு ஒரு வகுப்புத்தான். ஆசிரியர்களில் பாதிப்பேர் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையேறி வருகிறவர்கள். இங்கே பாதை என்றால் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. காற்று பெருத்த நாளில் அது ஓடாது; முதலாம் பாடவேளை போனதுதான்.

இது எந்தவொரு தனிப் பாடசாலையின் பதிவுமல்ல. மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா, திருக்கோவில், சம்மாந்துறை என்று எந்தக் கல்வி வலயத்தில் நேரசூசி போட்டவரைக் கேட்டாலும் “இது எங்கட கதைதான்” என்று சொல்லக்கூடிய ஒன்றை, ஒரே கூரைக்குள் வைத்துக் கட்டிய மாதிரி நிகழ்வு. பாடசாலை எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. பிள்ளைகள் விடும் பிழைகள் மட்டும் எந்த வகுப்பிலும் கொப்பியைத் திறந்தால் காணக்கூடியவை.

முதலாவது மாற்றம்: மேலிருந்து கீழே

ஜனவரியில் தரம் 3 வகுப்பாசிரியை பிரசவ விடுமுறையில் போகிறார். முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள். அதாவது ஒரு தவணை முழுக்கவும் அடுத்ததில் ஒரு துண்டும். பதிலுக்கு ஆள் கேட்டு வலயத்துக்குக் கடிதம் போகிறது. அங்கே கணக்கு வேறு மாதிரிப் போடப்படுகிறது. தரம் 6 முதல் 11 வரை ஆறு வகுப்பு, வகுப்புக்கு வாரம் 5 கணிதப் பாடவேளை என்றால் 30. அதற்கு ஒரு கணித ஆசிரியர் போதும். பாடசாலையில் இருப்பதோ இருவர். ஆகவே ஒருவர் ‘மேலதிகம்’. வெளியிலிருந்து ஆள் வராது, உள்ளே சரிக்கட்டுங்கள்.

அதிபர் இளையவரைத் தரம் 3க்குப் போடுகிறார். அவர் தேசிய கல்வியியற் கல்லூரியில் கணித நெறி படித்தவர். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறு பயில்வு, எல்லாம் ஒழுங்காக முடித்தவர். நியமனக் கடிதத்தில் பாடம் கணிதம் என்றிருக்கிறது. இலங்கையில் தரத்துக்கென்று தனி உரிமச் சான்று கிடையாது. நியமனப் பாடம் ஒரு காகித வேலி. அதிபர் பேனாவால் தாண்டக்கூடிய வேலி. ஆரம்பப் பிரிவோ இடைநிலையோ, ஆசிரியர் சேவையில் சம்பளம் ஆசிரியரின் சேவை வகுப்பையும் சேவைத் தரத்தையும் பார்த்து வருகிறதே தவிர, எந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார் என்பதைப் பார்த்து வருவதில்லை. எனவே மாற்றிப் போடுவதால் கணக்குப் பிரிவுக்கு எந்த வேலையும் இல்லை. இது இவ்வளவு இலேசாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் மூன்று கிழமையில் என்ன நடக்கிறது? வகுப்பு அமைதியாகத்தான் இருக்கிறது. பார்வையாளர் யார் வந்தாலும் குறை சொல்லமாட்டார்கள். கொப்பியைப் பார்த்தால்தான் தெரியும்.

43 − 17 என்ற கணக்குக்கு ஒன்பது பிள்ளைகள் 34 என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்பதுக்கும் சிவப்புப் பேனாவால் பிழை போட்டு, பக்கத்தில் 26 என்று சரியான விடை எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த நாள் 52 − 28. அதே ஒன்பது பேரும் 36. மறுபடியும் சிவப்பு.

ஒன்பது பேரும் கவனமில்லாமல் ஒரே விடைக்கு வரமுடியாது. அவர்கள் ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறார்கள்: 7இலிருந்து 3 போனால் 4, 4இலிருந்து 1 போனால் 3. அந்தப் பிள்ளைகளுக்குக் கழித்தல் என்பது இரண்டு இலக்கங்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்பது பொருட்டில்லை. ஆசிரியர் “பக்கத்து வீட்டில ஒன்று கடன் வாங்கு” என்று படிமுறையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பிள்ளை 4ஐ வெட்டி 3 போடுகிறது, பிறகு 7 − 3 = 4 என்றே எழுதுகிறது. ஏன் கடன், யாருக்குக் கடன் என்று அதற்குத் தெரியாது. “மறுகா என்ன செய்யிற சேர்?” என்ற கேள்வி வகுப்பு முழுக்க ஓடிக்கொண்டேயிருக்கிறது.

ஆரம்பக்கல்வி நெறி படித்தவர் இதைக் கரும்பலகையில் தொடங்கமாட்டார். ஈர்க்கைச் சாண் நீளத்துக்கு முறித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு, பிள்ளைக்கு 4 கட்டும் 3 தனி ஈர்க்கும் கொடுப்பார். 17 எடு என்றால் 7 தனி ஈர்க்கு இல்லை. பிள்ளை தானே ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றும். இப்போது 3 கட்டு, 13 தனி. கழற்றின கையோடுதான் வெட்டி 3 போடுவதற்கு அர்த்தம் வருகிறது. 30 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50 ஈர்க்கு என்றால் 1,500. ஒரு பெரிய விளக்குமாற்றுக் கட்டும் ஒரு பின்னேரமும் போதும். செலவு பிரச்சினையல்ல. இந்த இடத்தில் ஈர்க்கு வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் பயிற்சி.

வாசிப்பில் நட்டம் இன்னும் ஆழம். தரம் 3க்கு வந்தும் ‘கொடி’ என்பதைக் ‘கெ...ாடி’ என்று தடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொம்பு முன்னுக்கு, அரவு பின்னுக்கு, எழுத்து நடுவில். மூன்றையும் ஒரே பார்வையில் ஒரு ஒலியாக எடுக்கக் கண் பழகவில்லை. ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று வாசிக்கிற பிள்ளைக்கு ரகரமும் அரவும் அச்சில் ஒன்றாகத் தெரிகின்றன. ‘பௌர்ணமி’ ‘பெளர்ணமி’ ஆகிறது. இவை மூன்றும் மூன்று தனித்தனிப் பிழைகள், மூன்றுக்கும் பயிற்சி வேறு. முதலாவதற்கு கெ, கா, கொ மூன்றையும் அடுத்தடுத்து வைத்த அட்டைகள். இரண்டாவதற்கு மரம், மாரி, பாரம் போன்ற சொற்சோடிகள். மூன்றாவதற்கு ஔகாரச் சொற்கள் நாலைந்தைப் படத்தோடு அப்படியே முழுச் சொல்லாகப் பழக்குதல். கணித ஆசிரியருக்கு இவை எல்லாம் “வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்” என்ற ஒரே குவியல். அவர் செய்கிற பரிகாரமும் ஒன்றே: பாடத்தைப் பத்துத் தரம் பார்த்து எழுதி வா. எழுதிக்கொண்டு வருகிறார்கள். கையெழுத்துத் திருந்துகிறது, வாசிப்பு அப்படியே நிற்கிறது.

இன்னொன்று நேரம். இடைநிலையில் பாடவேளை முடிய மணி அடிக்கும், ஆசிரியர் வெளியே போவார். தரம் 3இல் அவர் நாள் முழுக்க அதே பிள்ளைகளோடு. ஆரம்பப் பிரிவின் பாடத்திட்டம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் தரத்துக்குத் தக்கபடி கலக்கச் சொல்கிறது: தரம் 1, 2இல் விளையாட்டு கூட, தரம் 3, 4இல் மூன்றும் சமம், தரம் 5இல் எழுத்துவேலை கூட. எழுத்துவேலை மட்டும் தெரிந்தவர் தரம் 3ஐத் தரம் 5 ஆக்கிவிடுகிறார். பெற்றோருக்கு அது பிடித்தும்போகிறது, கொப்பி நிரம்புகிறதே!

இரண்டாவது மாற்றம்: கீழிருந்து மேலே

இரண்டாந் தவணையில் மூத்த கணித ஆசிரியருக்கு நகரத்துக்கு இடமாற்றம் வருகிறது. இப்போது 30 பாடவேளைக்கு ஒருவரும் இல்லை. இளையவரைத் தரம் 3இலிருந்து இழுத்துத் தரம் 9, 10, 11க்குப் போடுகிறார்கள். (தரம் 3க்கு அந்த வருடத்தின் மூன்றாவது ஆசிரியர் வருகிறார், அதைப் பற்றித் தனியாகவே ஓர் ஆய்வு எழுதலாம்.) தரம் 6, 7, 8 கணிதம் தரம் 5 ஆசிரியையிடம் போகிறது. அவருடைய பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையில் கெட்டி. கணிதத்திலும் கெட்டிதானே என்பது அதிபரின் நியாயம்.

அவரிடம் உள்ள பலம் உண்மையானது. ஒவ்வொரு நாளும் கொப்பி திருத்துகிறார். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்தது, எது பின்வாங்கில் ஒளிகிறது என்று ஒரு கிழமையில் தெரிந்துவிடுகிறது. தரம் 6இல் பின்னமும் தசமமும் அவர் கையில் நன்றாகவே போகின்றன. பல கணித ஆசிரியர்களை விடத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்றே சொல்லலாம். வண்டி நிற்கிற இடம் எதிர் எண்கள்.

“கழித்தலும் கழித்தலும் கூட்டல்” என்று பாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறார். புலமைப்பரிசிலுக்குப் பயிற்றிய வழக்கம்: விதி, நினைவு, வேகம். பெருக்கலுக்கு அது பொருந்தும். அடுத்த நாள் −3 − 5 என்ற கணக்குக்கு வகுப்பில் முக்கால்வாசிப்பேர் 8 என்று எழுதுகிறார்கள். இரண்டு கழித்தல் கண்டார்கள், கூட்டலாக்கினார்கள். எண்கோட்டில் −3இல் நின்று இன்னும் 5 இடம் இடப்பக்கம் போனால் −8 என்று காட்டினால் அரைமணி நேரத்தில் தீர்கிற விடயம் இது. ஆனால் விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று ஆசிரியைக்கே நிச்சயமில்லை. அதனால் விதிக்கு ஒரு விதிவிலக்குச் சொல்கிறார், பிறகு அதற்கும் ஒன்று.

தெரியாக் கணியத்தை ப என்று வைத்து 5 − 2(ப − 3) என்பதை விரிக்கும்போது கொப்பிகளில் 5 − 2ப − 6 என்று வருகிறது. ஆசிரியர் வழிகாட்டியில் விடை 11 − 2ப. பிழை என்று அவருக்குத் தெரிகிறது. எந்த அடியில் பிழைத்தது என்று பிள்ளைக்குக் காட்ட முடியவில்லை. ப = 4 என்று போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்: மூலக்கோவை 3 தரும், சரியான விரிவும் 3 தரும், பிழையான விரிவு −9 தரும். தன் விடையைத் தானே சோதிக்கும் இந்த வழக்கம் பாடஅறிவிலிருந்து வருவது. ஆரம்பக்கல்வி நெறியில் இதற்கு இடமில்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

இரண்டு மாற்றத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. பிழை உடனே வெளியே தெரியாது. தரம் 3இல் விட்டது தரம் 5 பரீட்சையில் தெரியும், அப்போது குற்றம் தரம் 5 ஆசிரியர் தலையில். தரம் 8இல் விட்டது சாதாரண தரப் பெறுபேற்றில் தெரியும், அப்போது குற்றம் தரம் 11 கணித ஆசிரியர் தலையில். மாற்றிப் போட்டவர் அதற்குள் வேறு வலயத்தில் இருப்பார்.

மற்ற நாடுகள் எங்கே கோடு கிழிக்கின்றன

இங்கிலாந்தில் தகுதிபெற்ற ஆசிரியர் என்ற தகைமை வயதுப் பிரிவுக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆரம்பப் பிரிவுக்குப் பயின்றவரை இடைநிலைக்கு எடுப்பதா என்பதைப் பாடசாலை தீர்மானிக்கிறது. பின்லாந்து மறுபக்கம். அங்கே 1 முதல் 6 வரை வகுப்பாசிரியர், 7 முதல் 9 வரை பாட ஆசிரியர். மற்றப் பிரிவுக்குப் போக 60 கற்றல் அலகு, ஏறத்தாழ ஒரு வருட முழுநேரப் படிப்பு. வகுப்பாசிரியர் பாடஅறிவைக் கூட்டவேண்டும், பாட ஆசிரியர் ஆரம்பப் பாடங்களின் கற்பித்தலைக் கூட்டவேண்டும். இரண்டு திசைக்கும் இரண்டு வேறு படிப்பு என்பதைக் கவனிக்கவேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸில் ஏற்கெனவே சான்று உள்ளவர் பரீட்சை எழுதி இன்னொரு பிரிவைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சின்ன வகுப்புகளுக்கு வாசிப்புக் கற்பித்தல் என்ற தனிப் பரீட்சையை 2021இலிருந்து கட்டாயமாக்கினார்கள். வாசிக்கத் தெரிந்தவருக்கெல்லாம் வாசிப்புப் படிப்பிக்கத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

நமக்குக் கிட்டவான பாடம் இந்தியாவினுடையது. 2010 ஆகஸ்ட் 23ஆம் திகதி அறிவித்தல் 1 முதல் 5 வரைக்கு ஒரு தகைமை, 6 முதல் 8 வரைக்கு இன்னொரு தகைமை என்று வைத்தது; ஆசிரியர் தகுதித் தேர்விலும் இரண்டுக்கும் தனித்தனித் தாள். 2018இல் கல்வியியல் இளமாணிப் பட்டக்காரரும் ஆரம்ப வகுப்புக்கு வரலாம், வந்தபிறகு இரண்டு வருடத்துக்குள் 6 மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று திறந்துவிட்டார்கள். 2023 ஆகஸ்ட் 11ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது: ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்குப் படிப்பிக்க அதற்கென்று பயின்றவர் வேண்டும், பட்டம் உயர்ந்தது என்பதால் பொருத்தமாகிவிடாது. ‘முதலில் வகுப்பு, பிறகு பயிற்சி’ என்ற ஒழுங்கு எங்கே போய் முடியும் என்பதற்கு இது போதும். இங்கே நாம் அந்தப் ‘பிறகு’வையும் சேர்ப்பதில்லை.

சான்றிதழ் வேண்டும், ஆனால் யார் செலவில்?

வேண்டும் என்பதே இந்த ஆய்வின் முடிவு. ஆனால் இப்படியே சுற்றுநிருபம் அடித்து அனுப்பினால் படுவான்கரைக்குக் கேடுதான் வரும். காரணம், மாற்றம் இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று, ஆசிரியர் தானாகக் கேட்பது. ஆரம்பக்கல்வி ஆசிரியர் வெளிவாரியாகக் கலைப்பட்டம் முடித்து, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் எடுத்து, உயர்தர வகுப்புக்குப் போக விண்ணப்பிக்கிறார். மதிப்பு, மாலை வகுப்பு வருமானம், சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுக்க நிற்கும் களைப்பிலிருந்து விடுதலை, எல்லாம் விளங்கக்கூடியவையே. இவர் சான்றிதழைத் தன் செலவில், முன்கூட்டியே எடுக்கவேண்டும். மற்றது, நமது நிகழ்வில் போல நிர்வாகம் தூக்கிப் போடுவது. அங்கே ஆசிரியரிடம் சான்றிதழ் கேட்பது அநியாயம். தூக்கிப் போடுகிறவரே பயிற்றவும் வேண்டும், பயிற்சி நாளைக் கடமை நாளாகக் கணக்கெடுக்கவும் வேண்டும். இந்தப் பிரிப்பு இல்லாத எந்த விதியும் தொழிற்சங்கம் முதல் நாளே எதிர்க்கும் விதியாகத்தான் இருக்கும், எதிர்ப்பதும் சரியே.

அளவு என்று பார்த்தால், தரம் 3இலிருந்து 5க்குப் போகிறவருக்கு ஒன்றும் வேண்டாம். தரம் 5இலிருந்து 1க்கு வருகிறவருக்கு மூன்று நாள் போதும், முக்கியமாக ஜனவரியில் புதுப் பிள்ளையை இனங்காணும் செயற்பாடுகளுக்கு. இடைநிலையிலிருந்து ஆரம்பப் பிரிவுக்கு இறங்குகிறவருக்கு 60 மணித்தியாலம்: 30 வாசிப்பும் எழுத்தும், 18 எண்ணறிவு, மிச்சம் 12 வகுப்பு ஒழுங்கும் கணிப்பீடும். அதற்கு முன் 5 நாள் நல்ல ஆரம்பப் பிரிவு வகுப்பொன்றின் பின்வரிசையில் சும்மா இருந்து பார்க்கவேண்டும், கையில் ஒரு கொப்பியோடு. பிள்ளை விடும் பிழையை மட்டும் எழுதவேண்டும், ஆசிரியர் செய்வதை எழுதக்கூடாது. ஆரம்பப் பிரிவிலிருந்து தரம் 6, 7க்கு ஏறுகிறவருக்கு முதலில் ஒரு தாள்: சாதாரண தரக் கணித வினாத்தாளை அவரே செய்து, தெரிந்தெடுத்த ஐந்து வினாக்களில் பிள்ளை எங்கே பிழைக்கும் என்று எழுதவேண்டும். அதில் தெரிகிற ஓட்டைக்கு மட்டும் பயிற்சி. தரம் 10, 11 என்றால் குறுக்குவழி இல்லை. அந்தப் பாடத்தில் டிப்ளோமாவோ பட்டமோ வேண்டும்.

மதிப்பிடுவது எழுத்துப் பரீட்சையால் மட்டுமாக இருந்தால் ஆறு மாதத்தில் ‘வழிகாட்டிப் புத்தகம்’ அச்சாகிக் கடைக்கு வந்துவிடும். மூன்று பாட அவதானிப்பு, அதில் இரண்டு முன்னறிவித்தல் இல்லாமல். பார்ப்பவர் அந்தப் பிரிவின் ஆசிரிய ஆலோசகராக இருக்கவேண்டும். கூடவே பத்துப் பிள்ளைகளின் கொப்பிகள். பிழைக்கு எதிரே வெறும் சிவப்புக் கோடா, காரணம் விளங்கிய திருத்தமா என்று பார்த்தால் போதும். ஒரு மணித்தியாலத்தில் முடிவு சொல்லலாம்.

நாட்காட்டிதான் இங்கே பெரிய தலையிடி. சனிக்கிழமை என்று வைத்தால் பாதிப்பேருக்குப் பட்டப்பின் டிப்ளோமா வகுப்பு, மிச்சப்பேருக்கு மாலை வகுப்பு. டிசம்பர் விடுமுறை என்றால் வடகீழ்ப் பருவமழை. கிரான் பக்கத்து வீதிகளில் வெள்ளம் ஏறினால் வள்ளம் அல்லது உழவு இயந்திரம்தான். ஆகஸ்ட் விடுமுறை சரிவரும், ஆனால் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் முஸ்லிம் பாடசாலைகளுக்கும் விடுமுறை ஒன்றாக வருவதில்லை. கல்முனை, சம்மாந்துறை வலயங்களில் இரண்டும் இருக்கின்றன, மொழி ஒன்று, நாட்காட்டி இரண்டு. ஆகவே வலயத்துக்கு ஒரு பயிற்சி என்று போடாமல் வருடத்துக்கு இரண்டு அணி, ஒன்று ஆகஸ்டில், மற்றது நோன்பு விடுமுறையில். இடம் ஆசிரியர் மத்திய நிலையம். தாழங்குடா, அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரிகளின் ஆரம்பக்கல்வி விரிவுரையாளர்கள் அந்த 30 மணித்தியால வாசிப்புப் பகுதியை எடுத்தால் வெளியிலிருந்து ஆள் தேடத் தேவையில்லை.

இதில் கெட்டுப்போகக்கூடியவை இரண்டு. முதலாவது, சான்றிதழ் கையில் வந்ததும் அதைக் காட்டியே நகரத்துக்கு இடமாற்றம் கேட்பது. நிர்வாகச் செலவில் எடுத்தவர் அதே தரப்பிரிவில், அதே வலயத்தில் மூன்று வருடம் நிற்கவேண்டும் என்று எழுதி வாங்காவிட்டால், படுவான்கரை, வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு ஆசிரியரைப் பயிற்றிக் கொடுக்கும் பட்டறையாகிவிடும். இரண்டாவது, “எனக்குச் சான்றிதழ் இல்லை, தரம் 2க்குப் போகமாட்டேன்” என்று மறுப்பதற்கு விதியே ஆயுதமாவது. 84 நாள் விடுமுறைக்குப் பதில் ஆள் போடும் நாளில் யாரிடமும் சான்றிதழ் இருக்காது. அதற்குத் தற்காலிக அனுமதி வேண்டும்: ஒரு தவணைக்கு மட்டும், சம்பவத்திரட்டில் அதிபர் எழுதிக் கையொப்பமிட்டு, ஆரம்பப் பிரிவுப் பகுதித்தலைவர் கிழமைக்கு இரண்டு பாடவேளை கூட நிற்கும் நிபந்தனையோடு. தவணை முடிய அனுமதி தானாக விழுந்துவிடவேண்டும். இரண்டு மூன்று தரங்களை ஒருவரே ஒன்றாக வைத்துப் படிப்பிக்கும் சின்னப் பாடசாலைகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் சரிவராது. அங்கே தேவை பல்தரக் கற்பித்தல் பயிற்சி, அது வேறு படிப்பு.

சான்றிதழ் வருவதற்கு முன்பே, நாளைக்கே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. விடுமுறையில் போகும் வகுப்பாசிரியை ஒரு முழுத்தாள் எழுதிவைத்துவிட்டுப் போகலாம். இடது நிரலில் பிள்ளையின் பெயர், நடுவில் அது விடும் பிழை (‘கொ’வைப் பிரித்து வாசிக்கும், பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கும்), வலது நிரலில் எந்தப் பொருளால் எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார் என்பது. இடாப்பு, பதிவுப் புத்தகம், அலுமாரிச் சாவி எல்லாம் கையளித்துக் கையொப்பம் வாங்குகிறோம். இந்தத் தாளை யாரும் கேட்பதில்லை. நமது நிகழ்வில் அந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கு ஈர்க்குக் கட்டு முந்தின வருடமே தொடங்கியாகிவிட்டது. கட்டுகள் அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய பால்மாப் பேணியொன்றுக்குள், ரப்பர் வளையத்தோடு இருந்தன.